இராமலிங்க அடிகளும் நாட்டு மருந்தும்

திருவருட்பிரகாச வள்ளலார் என்று தமிழுலகம் போற்றும் இராமலிங்க அடிகளின் சரித்திரத்தை எழுதியோர் பலர். கவியாக அவரைக் கண்டோர் உண்டு. ஞானியாகக் கண்டோர் உண்டு. சாதி சமயப் பிணக்குகளைச் சாடிய சீர்திருத்தக்காரராகக் கண்டு மேடைதோறும் அவர் பெயரை முழக்குவோரும் உண்டு. மருந்து சொன்னவராக அவரைக் கண்டோர் மிகச் சிலரே. அச்சிலரிலும் பெரும்பாலார், அவர் கரிசலாங்கண்ணியைப் புகழ்ந்தார் என்னும் ஒரு செய்தியோடு நின்றுவிடுகின்றனர். அவர் எக்காலத்தில், எத்தகைய மக்களை முன்னிட்டு, எம்முறையில் மருந்தைப் பற்றிப் பேசினார் என்று ஆராயப் புகுந்தால், பசி வேறு, பிணி வேறு என்று பிரித்துப் பார்க்கும் நமது வழக்கத்திலேயே ஒரு குறை இருப்பது புலனாகும். அவருடைய பெயரைத் தாங்கிய மூலிகைப் பொடிப் பொட்டலங்கள் இன்று ஊர்தோறும் விற்பனையாகின்றன. ஆதலின் இவ்வாராய்ச்சி வீண் வேலையன்று.

சிதம்பரத்துக்கு வடமேற்கேயுள்ள மருதூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ம் தேதி அடிகள் பிறந்தார். அன்று அது தென்னார்க்காடு ஜில்லா. 1993 முதல் கடலூர் மாவட்டம். தந்தையார் இராமையா பிள்ளை கிராமக் கணக்கு எழுதியவர். பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தவர். கடைசிக் குழந்தை கைக்குழந்தையாயிருக்கையிலேயே அவர் காலமானார். தாயார் சின்னம்மையார் ஐந்து குழந்தைகளுடன் பொன்னேரிப் பக்கம் சென்று, பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார். தமையனார் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து அதில் வரும் சொற்ப வரும்படியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். தம்பியோ பள்ளிப் படிப்பில் நாட்டம் செல்லாமல் கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடித் திரிந்தார். 1850-ஐ ஒட்டி உறவினர் வற்புறுத்தலால் விவாகம் நடந்தது. இல்லறத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. இவையெல்லாம் நேயர்கள் பலகாலும் படித்தவை. நாம் விரிக்க வேண்டுவதில்லை.

அவர் சென்னையில் வளர்ந்த காலத்தில் வைத்தியத்தின் நிலைமை எவ்வாறிருந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1835-ல் சென்னையில் ஆங்கில வைத்தியப் பள்ளிக்கூடம் ஏற்பட்டுவிட்டது. ஆயினும் அக்காலத்து ஐரோப்பிய வைத்தியமும் இருட்டிலேயே தடவிக்கொண்டிருந்தது. இரத்தத்தை வெளியேற்றுவதும், கலோமெல் என்னும் பாதரச மருந்தை அள்ளிக் கொடுப்பதும் பெரிய டாக்டர்களின் முறைகளாயிருந்தன. காலரா எதனால் பரவுகிறது என்பதை ஜெர்மானிய டாக்டர் கோக் நிரூபித்தது 1883-க்குப் பிறகுதான். ஆங்கில வைத்தியம் எல்லாம் அறிந்திருந்தது, நம்மவர் ஒன்றும் அறியாதிருந்தனர் என்று பள்ளிப் புத்தகம் படித்தவர் நினைப்பது சரித்திரத்துக்கு ஒவ்வாது. நம்மவர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதும் அதே அளவு ஒவ்வாது. கிராமத்து நோயாளிக்கு இருவகை வைத்தியருமே எட்டாதிருந்தனர் என்பதே உண்மை. ஆங்கில டாக்டர் பட்டணத்தில் இருந்தார். நாட்டு வைத்தியரோ, தம் தகப்பனார் விட்டுச்சென்ற ஏட்டைச் சொந்த மகனுக்கன்றி வேறெவருக்கும் காட்டாதிருந்தார். சித்தர் நூல்களோ பரிபாஷையில் எழுதப்பட்டவை. ஒரு பொருளைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பவை. பொருள் தெரிந்தவனுக்கே பயன்படும் அந்நூல்கள் ஏழைக்குப் பூட்டிய பெட்டியாகவே இருந்தன.

1858-ல் அடிகள் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் சென்றார்; பின்னர் வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஏறக்குறைய ஒன்பது வருஷம் அவ்வீடே அவருக்கு இருப்பிடம். விளக்கு நீரால் எரிந்தது முதலான அற்புதங்களைப் பக்தர்கள் இக்காலத்துக்கே உரியனவாகக் கூறுவர். அவற்றை நாம் மறுக்கவும் வரவில்லை, நிரூபிக்கவும் வரவில்லை. நமக்கு வேண்டியது வேறு. சென்னை நகரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர், இங்கே செம்மண் மேட்டு நிலத்துக் குடியானவர்களின் நடுவே வந்து உட்கார்ந்தார். மழை பெய்தால் சோறு, பொய்த்தால் பட்டினி என்னும் வாழ்க்கை அது. வயல் வரப்பிலே கரிசலாங்கண்ணி. வேலியிலே முள்ளோடு தூதுவளை. அதன்மேல் படர்ந்து சுரசுரப்பான இலையோடு முசுமுசுக்கை. வாய்க்கால் ஈரத்தில் பொன்னாங்கண்ணி. அவர் பின்னால் எழுதிய மருந்துகளில் முதன்மை பெற்றவை இத்தகைய பச்சிலைகளே. இமயமலையிலிருந்து வரவேண்டிய சரக்கு எதையும் அவர் தலைமையிடத்தில் வைக்கவில்லை.

1865-ல் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்னும் சபையை அடிகள் நிறுவினார். அடுத்த வருஷம் ஒரிஸ்ஸாவைப் பாழாக்கிய பஞ்சம் சென்னை ராஜதானியின் பல பகுதிகளையும் தீண்டியது. 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. நிலம் கொடுத்தவர் ஜமீன்தாரும் அல்லர், சர்க்காரும் அல்லர். பார்வதிபுரத்துக் குடியானவர்கள் சுமார் நாற்பது பேர் சேர்ந்து எண்பது காணி அளவுள்ள பூமியை எழுதிக் கொடுத்தனர். வக்கீல் தொழில் செய்தவனுக்குப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று பார்க்கும் பழக்கம் போவதில்லை. இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் சாமானிய மக்கள். வந்தவரிடம் சாதி என்ன, சமயம் என்ன என்று கேளாமல் சோறு போடுவதே சாலையின் வேலை. புலால் உண்பவரை அடிகள் சன்மார்க்கத்துக்குப் புறம்பானவராகக் கருதினார். உபதேசத்துக்கு அவர்களை உரியவராகக் கொள்ளவில்லை. ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறு உண்டு. கொள்கையில் கடுமையும் பந்தியில் தாராளமும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம்.

தருமச்சாலையை அடுத்து வைத்தியசாலை, சாஸ்திரசாலை முதலிய பிற சாலைகளும் ஏற்பட வேண்டும் என்று அடிகள் அப்போதே அறிவித்தார். முதலில் அடுப்பு, அடுத்தது மருந்து, பிறகு படிப்பு. இந்த வரிசையை யாரும் தற்செயல் என்று எண்ண வேண்டா. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் அவருடைய உரைநடை நூலில் இதற்கான நியாயம் விரிவாகக் காணப்படுகிறது. பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று உயிர்களுக்கு வரும் துன்பங்களை அவர் வகுக்கிறார். இவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே முதன்மையான காருண்யம். மற்றவற்றை நீக்குவது அதற்கு அடுத்த படி என்பது அவர் முடிவு. பசித்தவன் உடம்பில் என்னென்ன நேர்கின்றன என்பதை ஒரு டாக்டர் நோயாளியின் படுக்கையருகே நின்று குறிப்பெழுதுவதுபோல் அவர் எழுதிச் செல்கிறார்: கண் குழிவதும், காது அடைப்பதும், நாவு உலர்வதும், கைகால் சோர்வதும், அறிவு மயங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வேறு எந்த நோய்க்கும் அவர் இவ்வளவு இடம் கொடுக்கவில்லை. கீரை, காய், வித்து இவற்றைப் பறித்துண்பதும் உயிர்க்கொலை ஆகாதோ என்னும் கேள்வியையும் அவரே எழுப்பி, நகமும் மயிரும் களைவதுபோல் அதனால் உயிருக்குக் கேடில்லை என்று விடை கூறுகிறார்.

இனி மருந்துக் குறிப்புகளுக்கு வருவோம். நித்திய கரும விதி என்னும் சிறிய உரைநடையில் ஒருநாள் பொழுதை அடிகள் வகுத்துத் தருகிறார். சூரியோதயத்துக்கு முன் எழ வேண்டும். வேலங்குச்சியாலோ ஆலம் விழுதாலோ பல் துலக்கி, பிறகு கரிசலாங்கண்ணித் தூளால் தேய்க்க வேண்டும். கரிசலாங்கண்ணியின் தூளை அதிகமாகவும், தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் இவற்றைக் குறைவாகவும் கூட்டி, பசும்பாலும் நீரும் சேர்த்துக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை இட்டுக் காலையில் அருந்தலாம். சமையலில் புளியும் மிளகாயும் கொஞ்சமே இருக்கட்டும், மிளகும் சீரகமும் தாராளமாயிருக்கட்டும், உப்பைக் குறைக்க வேண்டும், கடுகு கட்டாயமில்லை. கிழங்கு வகைகளில் கருணையைத் தவிர மற்றவை வேண்டா. சோறு மிகவும் கூடாது, குறையவும் கூடாது. பகலில் உறங்கலாகாது, இரவில் இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். எக்காலத்திலும் வெந்நீரே பருக வேண்டும். இவற்றோடு கோபம், சோம்பல், பொய், பொறாமை, பயம் ஆகியவையும் உடம்புக்கு ஆகாதவை என்று அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார். பயத்தை அபத்தியங்களில் ஒன்றாக வைத்தது, சிறைக்கு அஞ்சாமல் பொதுவாழ்வில் இறங்கியவர்களுக்கு நன்கு விளங்கும்.

இதில் எதையேனும் வாங்குவதற்குப் பட்டணம் போக வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாலும் சர்க்கரையும் நீங்கலாக ஏறக்குறைய யாவும் வேலியிலும் வரப்பிலும் கிடைப்பவை. பறிக்க நோவெடுக்காதவனுக்குக் காலணாச் செலவில்லை. வெந்நீரைப் பற்றிய விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிருமி என்னும் செய்தி அடிகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் பரம்பரை வைத்தியத்தின் சீத உஷ்ணக் கணக்கைக் கொண்டே அவர் பேசியிருக்க வேண்டும். எனினும் காலராவும் பேதியும் ஆண்டுதோறும் கிராமங்களைச் சூறையாடிய காலத்தில், நீரைக் காய்ச்சிக் குடித்த குடும்பம் காய்ச்சாமற் குடித்த குடும்பத்தைவிடத் தப்பியிருக்கும் என்பதை இன்றைய டாக்டர் எவரும் ஒப்புவர். காரணம் வேறாகச் சொல்லப்பட்டாலும் காரியம் சரியாயிருந்தது.

இதற்கும் மேற்பட்டது அவர் எழுதிவைத்த மூலிகைக் குண அட்டவணை. ஐந்நூற்றுக்குச் சற்றே குறைந்த மூலிகைகளின் பெயரும் குணமும் அதில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன. பரிபாஷை இல்லை, குருமுகமாகக் கேட்டாலன்றி விளங்காது என்னும் மிரட்டல் இல்லை. படிக்கத் தெரிந்த எவனும் எடுத்துப் பார்க்கலாம். திறந்த புத்தகமாக வைத்தியத்தை வைப்பது அக்காலத்துக்கு ஒரு புரட்சி என்றே சொல்ல வேண்டும். அன்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களிலும் தேக சௌக்கியத்தைப் பற்றிய விசாரணையும் கவலையும் இடையிடையே வருகின்றன. மோக்ஷத்தைப் பற்றி எழுதும் ஞானி, உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டா என்று எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். உடம்பைப் பொய்யென்று தள்ளும் வேதாந்தம் அவருடையதன்று. இந்த உடம்பையே அழியாததாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பெரும்பேற்றைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் தகுதியுடையோம் அல்லோம். ஆனால் அந்தக் கொள்கையின் பயனாக, கூலியாளின் உடம்புக்கும் ஒரு மதிப்பு ஏற்பட்டது.

1869-ல் அருட்பா சம்பந்தமான சச்சரவு முற்றி மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் சென்றது. ஆறுமுக நாவலரும் அடிகளும் எதிரெதிரே நின்ற அந்த விவகாரத்தைப் பற்றி இன்றுவரை இரு கட்சியாரும் எழுதிக் குவிக்கின்றனர். அதில் செலவழிந்த மையில் பத்தில் ஒரு பங்கு மூலிகை அட்டவணையை விளக்குவதில் செலவழிந்திருந்தால் தமிழ்நாட்டுக்கு உபகாரமாயிருந்திருக்கும். 1870-ல் அடிகள் மேட்டுக்குப்பம் சென்று சித்திவளாகத்தில் தங்கினார். 1872 ஜனவரி 25-ல் வடலூர்ச் சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. 1874 ஜனவரி 30-ம் தேதி இரவு அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. வைத்தியசாலை அவர் நினைத்தவாறு அவர் காலத்தில் உருப்பெறவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்த அடுப்பின் அருமை இரண்டே வருஷத்தில் தெரிந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது; லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். இந்திய சர்க்கார் அனுப்பிய ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர், 1877-ல் நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம், தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் குறைவு. கல்லுடைப்பவனுக்கு இது சாவுச் சீட்டு. இதை எதிர்த்துப் போராடியவர், ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் என்னும் ஆங்கிலேயரே. குறைந்தது 680 கிராம் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதாடினார். சென்னைச் சர்க்கார் பாதி வழி இணங்கி, தானியத்தைச் சுமார் 570 கிராமாக உயர்த்திக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. சோறில்லாத உடம்பில் வேறெந்தச் சிகிச்சையும் வேலை செய்யாது என்பதை டாக்டர் கார்னிஷ் கணக்கெடுத்துக் கண்டார். வடலூரில் அது பத்து வருஷத்துக்கு முன்பே பந்தி விரித்து நடத்தப்பட்டது. டெம்பிள் துரையின் கணக்கு வயிற்றை எடைபோட்டது. வடலூரில் வயிற்றுக்கு எடைக்கல் வைக்கவில்லை.

அடிகளின் உரைநடையும் குறிப்புகளும் தமிழர் கைக்கு எட்ட நெடுங்காலம் ஆயிற்று. ஜீவகாருண்ய ஒழுக்கம் அச்சேறியது 1879-ல். எல்லா எழுத்துக்களையும் தேடித் திரட்டி ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பன்னிரண்டு புத்தகங்களாக வெளியிட்ட பெரும்பணி 1931-ல் தொடங்கி 1958-ல் முடிந்தது. இதற்கிடையே சுதேச வைத்தியத்துக்கு ஓரளவு விடிவு பிறந்தது. முகம்மது உஸ்மான் தலைமையில் அமைந்த கமிட்டி 1923-ல் அறிக்கை தந்தது. 1925-ல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 1964-ல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனமும் தோன்றின.

இக்காலத்து ஆராய்ச்சி இம்மூலிகைகளைப் பற்றி என்ன சொல்லுகிறது? இங்கே நம்மவர் உணர்ச்சியை விட்டுச் சாட்சியத்தை நோக்க வேண்டும். கரிசலாங்கண்ணி ஈரலைக் காக்கும் என்பதற்குப் பிராணிகளிடத்தில் செய்த சோதனைகள் ஆதரவு தருகின்றன. மனிதரிடத்தில் பெரிய அளவில் நடந்து தீர்ந்த சோதனை இல்லை. தூதுவளை இழுப்பு நோயாளிகளுக்குச் சற்றே உதவியதாகச் சிறிய ஆராய்ச்சிகள் கூறுகின்றன. எல்லாவற்றினும் பாடம் தருவது கீழாநெல்லியின் கதை. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். சென்னையில் டாக்டர் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பிளம்பெர்க்கும் வேறு சிலரும் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-ல் லான்ஸெட் பத்திரிகையில் இது வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர்ப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பயன் கிட்டவில்லை. காமாலை என்பது ஒரே நோயன்று. கிருமியால் வருவது ஒன்று; பித்தக் கல்லால் வருவது ஒன்று; கள்ளாலும் சாராயத்தாலும் வருவது வேறொன்று. கல் அடைத்தவனுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்து ஒரு மாதம் காத்திருந்தால் அவன் உயிருக்கே மோசம் வரும். புளியாரையை அளவின்றி உண்டால் அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சிறுநீரகக் கோளாறு உள்ளவனுக்குக் கேடு செய்யும். பச்சிலை என்பதனாலேயே தீங்கற்றது என்று சொல்லுவோர், எட்டிக்காயும் அரளியும் பச்சிலை இனத்தைச் சேர்ந்தவையே என்பதை மறந்துவிடுகின்றனர்.

அடிகள் கூறிய முறையில் இந்த ஆபத்து குறைவு. அவர் கரிசாலையை நோய் வந்தபின் உண்ணும் குளிகையாகச் சொல்லாமல், நாள்தோறும் சிறிதளவு உண்ணும் உணவாகவே சொன்னார். தூதுவளைத் துவையலும் முசுமுசுக்கை அடையும் பொன்னாங்கண்ணி மசியலும் நம் வீடுகளில் பெண்கள் கைப்பட வழிவழி வந்தவை. அவற்றை ஞானநூலுக்குள் ஏற்றி மரியாதை கொடுத்தவர் அவர். சர்வரோக நிவாரணி என்று சீசாவில் அடைத்து விற்போர் அவருடைய படத்தை மேலட்டையில் ஒட்டுகின்றனர். அந்தப் பொட்டலம் ஒன்றின் விலை, கீரை பறித்துக் கூழ் காய்ச்சிக் குடிக்கும் குடும்பத்தின் ஒருநாள் செலவைவிட அதிகம்.

இன்றும் வடலூர்ச் சாலையில் வேளை தவறாமல் சோறு போடப்படுகிறது. 1867-ல் மூட்டிய தீயை அணையவிடாமல் காத்து வருவதாக அங்குள்ளோர் பெருமையுடன் கூறுவர். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. ஞானசபையிலிருந்து தருமச்சாலைக்கு நடந்து செல்லும் தூரம்தான். அங்கே பந்தியில் உட்காருபவர்களில் பெரும்பாலார் பசித்து வந்தவர்கள், சாதி கேட்கப்படுவதில்லை.